ஒலித்தொகுப்பு மென்பொருளின் உயர் பதிப்பு: வாங்குவதா, திரும்பப் படிப்பதா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் தொகுத்துக்கொள்கிறேன். வீட்டில் ஓர் அறையில் தமிழ்ச் சிறுகதைகளைப் படித்துப் பதிவு செய்து, ஒரு பதிப்பகத்துக்கு ஒலிநூலாகக் கொடுத்து வருகிறீர்கள். பதிவு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், சுத்தம் செய்வது ஐசோடோப் நிறுவனத்தின் ஆர்எக்ஸ் மென்பொருளில், அதுவும் அதன் ஆரம்பநிலைப் பதிப்பான எலிமென்ட்ஸில். மாதம் சுமார் 4 மணி நேர ஒலி முடித்துத் தருகிறீர்கள், முடிந்த ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் கிடைக்கிறது, அந்த ஒரு மணி நேரத்தை உருவாக்க ஏறத்தாழ 7 மணி நேரம் உழைக்கிறீர்கள். சென்ற மாதம் ஒரு கதையைப் பின்னணி இரைச்சல் அதிகம், மைனஸ் 52 டெசிபல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த நேரத்தில் ஸ்டாண்டர்டு பதிப்புக்கு மாற ஏறத்தாழ 18,000 ரூபாயில் ஒரு தள்ளுபடி வந்திருக்கிறது, இன்னும் நான்கு நாளில் முடிகிறது, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. திருப்பி அனுப்பப்பட்ட பதிவின் குறையை அந்தப் பணம் தீர்க்குமா என்பது ஒன்று. தீர்க்காவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வேறு பயன் உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு ஓரளவுதான் முடியும், ஏனெனில் உங்கள் குரலை நான் கேட்டதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக டப்பிங்கிலும், கடந்த சில ஆண்டுகளாக ஒலிநூல்களிலும் குரலை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வதே எனக்குத் தொழில். இசைக் கலவையோ மாஸ்டரிங்கோ என் துறை அல்ல. எனவே கீழே சொல்வதெல்லாம் தனிக்குரல் பதிவுக்கு மட்டுமே பொருந்தும். ஆர்எக்ஸ் 2007-ல் முதன்முதலாக வந்தது. இன்று எலிமென்ட்ஸ், ஸ்டாண்டர்டு, அட்வான்ஸ்டு என மூன்று படிகளில் விற்கப்படுகிறது. 2024-ல் 11-ஆம் பதிப்பு வந்தபோது அதன் பட்டியல் விலைகள் முறையே 99, 399, 1,199 டாலராக இருந்தன. படிகளுக்கு இடையே இவ்வளவு தூரம் இருப்பதாலேயே, மேல்படியில் ஏறினால் ஒலியின் தரமும் அதே விகிதத்தில் ஏறும் என்று மனம் நம்பிவிடுகிறது. மூன்று படிகளிலும் ஒரே கோப்பைத் திறந்து எதையும் செய்யாமல் சேமித்தால், வெளியே வருவது அதே ஒலிதான். மேல்படியில் கூடுதலாகக் கிடைப்பவை பழுதுபார்க்கும் கருவிகள். ஆகவே எந்தப் பழுது, எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

திருப்பி அனுப்பப்பட்ட கதையை எடுத்துக்கொள்வோம். ஒலிநூல் உலகில் பலரும் அளவுகோலாக வைத்திருப்பது அமேசானின் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் எண்கள்: குரலின் சராசரி அளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையே, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. எல்லாம் டெசிபலில்; மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாக ஆக ஒலி மெல்லியது. உங்கள் பதிப்பகமும் இதே எண்களைத்தான் கேட்டிருக்கிறது. நீங்கள் இணைத்திருந்த விவரப்படி, பதிவு செய்தபோது குரலின் சராசரி மைனஸ் 32, அறையின் இரைச்சல் மைனஸ் 64. இந்த நிலையில் மைனஸ் 64 என்பது தேர்ச்சி பெற்ற எண்போலத் தோன்றும். ஆனால் குரலை மைனஸ் 20-க்குக் கொண்டுவர 12 டெசிபல் ஏற்ற வேண்டும்; ஏற்றும்போது இரைச்சலும் கூடவே 12 டெசிபல் ஏறி மைனஸ் 52-ல் வந்து நிற்கும். அவர்கள் சொன்ன எண் அங்கிருந்து வந்ததுதான். எனவே கவனிக்க வேண்டியது இரைச்சலின் தனி அளவை அல்ல, குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை. உங்களிடம் இருப்பது 32 டெசிபல், தேவைப்படுவது 40. குறைவது 8 டெசிபல்.

இந்த 8 டெசிபலை எங்கிருந்து எடுப்பது? மைக் வாயிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூரத்தைப் பாதியாக்கி அரை அடிக்குக் கொண்டுவந்தால் நேராக மைக்கை அடையும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் பொதுவான இரைச்சல் ஏறத்தாழ அப்படியே இருக்கும். இது ஒலியியலின் அடிப்படைக் கணக்கு, எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சார்ந்தது அல்ல. மீதி 2 டெசிபலை நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கும் எலிமென்ட்ஸின் வாய்ஸ் டி-நாய்ஸ் என்ற இரைச்சல் குறைக்கும் கருவி, குரலுக்கு எந்தச் சேதமும் தெரியாமல் எடுத்துவிடும். இன்னும் இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாக எடுத்து ஒரு பாதுகாப்பு இடைவெளி வைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. மைக்கை நெருங்கும்போது இரண்டு பக்கவிளைவுகள் வரும். ஒருதிசை மைக்கில் அடிக்குரல் தடிக்கும்; அதை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரும், வேண்டுமானால் 150 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு சிறிய இறக்கமும் சரிசெய்யும். மூச்சுக்காற்று மைக்கில் மோதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்துக்கு நேராகச் சற்றுத் திருப்பி வைத்தால் அது குறையும். மடிக்கணினியின் காற்றாடி மைக்கின் முதுகுப்புறம் இருக்கட்டும். ஒருதிசை மைக்குக்கு முதுகுப்புறக் காது மந்தம். ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: திருப்பி அனுப்பப்பட்ட குறைக்காக நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டியதில்லை.

எதிரொலியைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நம் வீடுகளின் அறைகள் பதிவுக்கு இரக்கம் காட்டாதவை: சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. ஸ்டாண்டர்டில் இருக்கும் டி-ரிவெர்ப் கருவி இந்த எதிரொலியைக் குறைக்கும், நீக்காது. காரணம் எளிது. மின்விசிறி இரைச்சல் குரலிலிருந்து வேறான ஒரு பொருள். அதைப் பிரித்தறிய மென்பொருளுக்கு வழி இருக்கிறது. எதிரொலியோ உங்கள் குரலே, சில மில்லி விநாடிகள் தாமதமாக வந்தது. தமிழில் இந்தத் தொல்லை இன்னும் தெளிவாகக் கேட்கும். ‘பக்கம்’, ‘எட்டு’, ‘அப்பா’ என்று இரட்டித்த வல்லினம் வரும் இடங்களில், ஒலி வெடிப்பதற்கு முன் ஒரு கணம் முழு அமைதி இருக்க வேண்டும். எதிரொலி அந்த அமைதியை நிரப்பிவிட்டால் உச்சரிப்பே தளர்ந்தது போலாகும். அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி அமர்ந்து, பக்கவாட்டில் ஒரு பஞ்சு மெத்தையை நிறுத்தி, தரையில் ஜமக்காளம் விரித்துவிட்டு ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். அந்த மெல்லிய அட்டை குரலின் முக்கியமான அலைவரிசைகளில் எதையும் உருப்படியாக உறிஞ்சாது, தூசிதான் சேரும்.

இனி இரண்டாவது கேள்வி, அதாவது இரைச்சலைத் தவிர ஸ்டாண்டர்டு வேறு என்ன தரும் என்பது. உங்களுக்குப் பொருந்தக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். எச்சில் ஒட்டிப் பிரியும் சிறு ‘டிக்’ ஒலிகளை நீக்கும் மவுத் டி-கிளிக், மூச்சொலியை அடக்கும் பிரெத் கன்ட்ரோல், ‘ப’ ஒலியின் மோதலைக் குறைக்கும் டி-ப்ளோசிவ், ‘ச’, ‘ஸ’ ஒலிகளின் கூர்மையை மழுக்கும் டி-எஸ், ஒலியைத் திரையில் படமாகக் காட்டி அதில் ஒரு புள்ளியை மட்டும் தொட்டு அழிக்கும் ஸ்பெக்ட்ரல் ரிப்பேர், பல கோப்புகளுக்கு ஒரே வரிசையில் எல்லாவற்றையும் செய்துமுடிக்கும் தொகுதிச் செயலாக்கம். இவற்றில் டி-ப்ளோசிவ் தமிழ் வாசிப்பாளருக்கு அவ்வளவு தேவைப்படாது என்பது என் அனுபவம். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ‘ப’ மூச்சோடு வெடிப்பது, நம் ‘ப’ மூச்சில்லாமல் வெடிப்பது. டி-எஸ் வேலைக்கு இலவசக் கருவிகளே போதும். மூச்சை முழுவதும் அழிப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. கதை சொல்பவர் மூச்சுவிடாமல் பேசினால் கேட்பவருக்குத்தான் மூச்சு முட்டும்.

மீதமிருப்பது மவுத் டி-கிளிக். ஸ்டாண்டர்டை நான் யாருக்காவது சிபாரிசு செய்தால் பெரும்பாலும் இந்த ஒரு கருவிக்காகத்தான். எலிமென்ட்ஸில் இருக்கும் பொதுவான டி-கிளிக், இசைத்தட்டின் கீறல்களையும் மின்சார வெடிப்புகளையும் நீக்கக் கெட்டிக்காரன்; எச்சில் ஒலிக்கு அதன் பிடியை இறுக்கினால் ‘ட்ட’, ‘ற்ற’ வெடிப்புகளையும் கிளிக் என்று நினைத்துத் தின்னத் தொடங்கும். முடிந்த ஒரு மணி நேரத்துக்கு 2 மணி நேரம் இந்த எச்சில் ஒலிகளைக் கையால் அழிப்பதிலேயே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிஜமான செலவு. அதை ஏற்கிறேன். ஆனாலும் கருவிக்கு முன்னால் தண்ணீர். பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். காபியையும் பாலையும் அன்று மட்டும் பின்னுக்குத் தள்ளுங்கள். வாசிப்பாளர்கள் பலர் இடைவேளையில் ஆப்பிள் துண்டு கடிப்பார்கள், வாயில் பிசுபிசுப்பு குறைய. கேலியாகத் தோன்றினாலும் என் மேசைக்கு வரும் கோப்புகளில் அதன் வேறுபாடு தெரிகிறது.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளில், ஏதோ ஒரு மென்பொருளின் உயர் பதிப்பைக் கடன் வாங்கி வாங்கினேன். கையில் புதுக்கத்தி வந்தவன் எதைப் பார்த்தாலும் நறுக்குவதைப்போல, ஒரு வானொலித் தொடரின் அத்தனை அத்தியாயங்களிலும் இரைச்சலை 20 டெசிபலுக்கு மேல் சுரண்டி எடுத்தேன். பின்னணி மயான அமைதியாக இருந்தது, நான் பெருமையோடு கொடுத்தேன். தயாரிப்பாளர் அரை மணி நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, ‘தம்பி, அவனுக்கு என்று ஒரு சொல்கூடக் காணோம், எல்லாம் அவனுக்க் அவனுக்க் என்றே கேட்கிறது’ என்றார். குற்றியலுகரம் போய்விட்டிருந்தது. ‘பத்து’, ‘விட்டு’, ‘அவனுக்கு’ என்று சொல்லின் கடைசியில் நாம் பாதி மூச்சாக விடும் அந்தக் குறுகிய உகரம், அளவில் அறை இரைச்சலை ஒட்டியே இருக்கும்; இரைச்சலை ஆழமாகச் சுரண்டும் எந்தக் கருவியும் அதை இரைச்சலோடு சேர்த்தே அள்ளிவிடும். அன்றிலிருந்து, வாசிப்புக் குரலில் ஒரே தடவையில் 6 டெசிபலுக்கு மேல் எடுப்பதைத் தவிர்க்கிறேன். மிகவும் மோசமான பதிவானால் 10 வரை போவேன். செயலாக்கம் முடிந்ததும் உகரத்தில் முடியும் சொற்களாகப் பத்தைத் தேடி ஹெட்போனில் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். உயர் பதிப்பு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அப்படியானால் இந்த விலையுயர்ந்த கருவிகள் யாருக்கானவை? இரண்டாம் முறை பதிவு செய்ய வழியில்லாதவர்களுக்கு. படப்பிடிப்பில் பட்டுப்புடவையின் மடிப்புக்குள் செருகிய சட்டை மைக்கில் ‘சரசர’ என்று உரசல் விழுந்துவிட்டது, நடிகர் ஊருக்குப் போய்விட்டார். அங்கே அட்வான்ஸ்டில் உள்ள டி-ரஸ்ல் கருவி தன் விலையை ஒரே நாளில் மீட்டுத்தரும். காலமான ஒரு புலவரின் பேச்சு ஒரே ஒரு கேசட்டில் இருக்கிறது, நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்; விசில் ஒலி படத்தில் தெளிவான கிடைக்கோடுகளாகத் தெரியும், ஸ்பெக்ட்ரல் ரிப்பேரால் அந்தக் கோடுகளை மட்டும் துடைத்துக் குரலைக் காப்பாற்றலாம். தொலைபேசி நேர்காணல், கள ஆய்வு, நீதிமன்றப் பதிவு எல்லாம் இதே வகை. உங்கள் நிலைமை வேறு. குக்கர் விசில் விழுந்தால் அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் முடிந்தது. இருபது விநாடி வேலை, அதுவும் இயற்கையான ஒலியோடு. உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த பழுதுபார்க்கும் கருவி உங்கள் வாய்தான். திரும்பப் படித்தாலும் திரும்ப வரும் குறைகளுக்கு மட்டுமே மென்பொருளைத் தேட வேண்டும். எச்சில் ஒலி அந்த வகை என்பதால்தான் அதைத் தனியாக எடுத்துப் பேசினேன்.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 1,500 ரூபாய், 7 மணி நேர உழைப்பு. ஆக உங்கள் ஒரு மணி நேரத்தின் இன்றைய விலை சுமார் 214 ரூபாய். மவுத் டி-கிளிக் உங்கள் 2 மணி நேரத்தைப் பாதியாக்கும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 4 மணி நேரம், அதாவது சுமார் 856 ரூபாய் மிச்சம். 18,000 ரூபாய் திரும்பி வர 21 மாதம் ஆகும். இதற்கு எதிராக வைக்க வேண்டியது, ஆர்எக்ஸின் 7-ஆம் பதிப்பு 2018-ல், 8 2020-ல், 9 2021-ல், 10 2022-ல், 11 2024-ல் வந்தது என்பது. நீங்கள் போட்ட பணம் திரும்புவதற்கு முன்பே அடுத்த பதிப்பின் தள்ளுபடி அழைப்பு வந்து நிற்க வாய்ப்பு அதிகம். பழைய பதிப்பு வேலை செய்வதை நிறுத்திவிடாது, அது சந்தா அல்ல. அடுத்த அழைப்பை நீங்கள் புறக்கணிக்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கிறது. மிச்சமாகும் 4 மணி நேரத்தில் இன்னொரு கதை படிக்க உங்களுக்கு வேலை வந்தால்தான் அது பணம். பதிப்பகம் மாதம் 4 மணி நேரத்துக்கு மேல் வாங்காது என்றால், நீங்கள் வாங்குவது ஓய்வு. ஓய்வுக்காக 18,000 ரூபாய் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை, ஆனால் அதைத் தொழில் முதலீடு என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

நேரத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம் என்றால், உங்கள் 7 மணி நேரத்தில் மிகப் பெரிய பங்கு எங்கே போகிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஒரு கதையை முழுவதும் தொடர்ச்சியாகப் பதிவு செய்து, தவறிய இடங்களில் திரும்பச் சொல்லி, பிறகு உட்கார்ந்து எல்லாத் தவறுகளையும் தேடி வெட்டுகிறீர்கள். ஆடாசிட்டியில் 2018-ல் வந்த 2.3.0 பதிப்பிலிருந்தே பஞ்ச் அண்ட் ரோல் என்ற வசதி இருக்கிறது. தவறிய இடத்தில் நிறுத்தி, அதற்கு முன்னுள்ள சொல்லின் முடிவில் சொடுக்கினால், ஐந்து விநாடி முன்னாலிருந்து உங்கள் குரலையே காதில் ஒலிக்கவிட்டு, சரியான இடத்தில் தானாகப் பதிவைத் தொடரும். பதிவு முடியும்போது வெட்டும் வேலையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். முதல் இரண்டு நாள் கைக்கும் வாய்க்கும் தாளம் சேராது, பிறகு பழகிவிடும். நான் பழக்கிய வாசிப்பாளர்களில் பலருக்கு மொத்த நேரம் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருக்கிறது. ஆடாசிட்டி போதவில்லை என்று என்றாவது தோன்றினால், 60 டாலர் உரிமத்தில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கும், தொழிலில் ஆண்டு வருவாய் 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கும் உரிய விலை அது. அதன் அறுபது நாள் சோதனைக் காலத்தில் எந்த வசதியும் பூட்டப்படுவதில்லை.

உறுதியில்லாதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக் தூரம் பற்றிச் சொன்ன 6 டெசிபல் திறந்த வெளிக் கணக்கு. அறைக்குள் அது 5 ஆகலாம், ஆனால் 2 ஆகாது. மவுத் டி-கிளிக் உங்கள் நேரத்தைப் பாதியாக்கும் என்பது என் ஊகம். சிலர் குரலில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கிறது, மெல்லிய குரலில் மைக்கை ஒட்டிப் படிக்கும் சிலருக்கு அது பத்தில் மூன்றைத்தான் பிடித்தது. மைக்கை நெருக்கமாக வைக்கும்போது எச்சில் ஒலி இன்னும் கூடுதலாகக் கேட்கும் என்பதால், நான் சொன்ன முதல் திருத்தமே இரண்டாவது தொல்லையை வளர்க்கக்கூடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்படி ஆனால் என் கணக்கு மாறும், ஸ்டாண்டர்டின் பக்கம் சாயும்.

அதனால் இந்த நான்கு நாளில் வாங்க வேண்டாம், சோதியுங்கள். இன்றே மைக்கை அரை அடிக்குக் கொண்டுவந்து, மெத்தையை நிறுத்தி, பத்து நிமிடம் ஒரு கதையைப் பதிவு செய்யுங்கள். அதை எலிமென்ட்ஸில் வழக்கம்போலக் கையால் சுத்தம் செய்து, எத்தனை நிமிடம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உயர் பதிப்பின் சோதனை வடிவத்தை இறக்கி, அதே பத்து நிமிடத்தை அதில் மவுத் டி-கிளிக் போட்டு, மிச்சத்தைக் கையால் முடித்து, அந்த நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆறால் பெருக்கினால், முடிந்த ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். என் கணக்கில் நான் வைத்தது 60 நிமிடம். உங்களுக்கு 90 நிமிடத்துக்கு மேல் வந்து, கூடுதல் கதைகள் வாங்கிக்கொள்வதாகப் பதிப்பகமும் சொன்னால், தயங்காமல் வாங்குங்கள். 40-க்குக் கீழே வந்தால் விட்டுவிடுங்கள். இடையில் வந்தால் நவம்பர் வரை பொறுங்கள். இந்தத் துறையில் ஆண்டிறுதித் தள்ளுபடி தவறுவது அரிது, இப்போது வந்திருக்கும் விலைக்கு அருகில் அப்போதும் ஒன்று வரும். மைக்கை நகர்த்திப் பதிவு செய்ததில் எதையும் திருத்தாத முப்பது விநாடியை, அதற்கு முன் பேசாமல் ஐந்து விநாடி அறையின் ஒலியையும் சேர்த்து, எம்பி3-யாக மாற்றாமல் வேவ் கோப்பாகவே இங்கே ஏற்றினால், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.